ஆட்டின் கண்ணில் புலியாட்டம்: தன்பார்வைப் புதிர்ப்பாதை விளையாட்டும் திருச்சுழிக் கரிசலின் முட்காடும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

'3டி மான்ஸ்டர் மேஸ்' என்ற கணினி விளையாட்டை மால்கம் எவன்ஸ் என்பவர் இங்கிலாந்தில் 1981-இல் எழுதினார். 1982-இல் ஜே.கே. கிரே சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் அதைக் கேசட்டில் போட்டு விற்றது. கதை இவ்வளவுதான்: சுவர்களுக்கு நடுவே நீங்கள் நிற்கிறீர்கள். உள்ளே எங்கேயோ ரெக்ஸ் என்ற டைரனோசரஸ் இருக்கிறது. அது பிடிப்பதற்குள் வெளிவாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆயுதம் கிடையாது; வரைபடமும் கிடையாது. முன்னால் போகலாம், இடப்பக்கம் திரும்பலாம், வலப்பக்கம் திரும்பலாம்.

ஆடுபவரின் கண்ணையே திரையாக்கும் இந்த முறைக்கு 'ஃபர்ஸ்ட் பெர்சன்' என்று பெயர். இக்கட்டுரையில் அதைத் 'தன்பார்வை' என்று வழங்குகிறேன். தன்பார்வைப் புதிர்ப்பாதை தரும் அச்சத்துக்கு மிருகம் முதற்காரணம் அன்று, கண்ணை எந்த உயரத்தில் வைத்தார்கள் என்பதே முதற்காரணம் என்பது என் கருதுகோள். நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தை ஆட்டின் கண்ணால் ஆடச் சொன்னால் கிடைப்பதுதான் இந்த விளையாட்டு.

சோதித்துப் பார்க்கும் களமாக அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மறுப்பு உடனே எழும். கரிசல் பூமி தட்டையானது. அடிவானம்வரை மறைப்பு இல்லாத இடத்தில் புதிர்ப்பாதைக்கு என்ன வேலை? ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த மறுப்பு செல்லும். இன்று செல்லாது. ஏன் என்பதை நான்காம் பிரிவில் காணலாம்.

'பேக்மேன்' (1980) போல மேலிருந்து பார்த்து ஆடும் விளையாட்டுகள் இந்த ஆய்வுக்குள் வரமாட்டா. துரத்தலும் சந்துகளும் அவற்றிலும் உண்டு. ஆனால் பேய் எங்கே நிற்கிறது என்று ஆடுபவருக்கு எப்போதும் தெரியும். அங்கே வருவது பரபரப்பு. அச்சம் வேறு வகை.

2. மேலிருந்து பார்ப்பது, உள்ளிருந்து பார்ப்பது

2.1 ஆடுபுலி

மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளிகள். கோயில் மண்டபத் தரையிலும் சாவடித் திண்ணையிலும் உளியால் கொத்திய இந்தக் கோடுகளைத் தென்மாவட்டங்களில் பரவலாகக் காணலாம். புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு வெட்டு. ஆடுகள் சேர்ந்து புலியை நகர விடாமல் அடைத்தால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. இரு கட்சிக்கும் பலம் வேறு, எண்ணிக்கை வேறு. ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் சமம்: கட்டம் முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும். ஆட்டுக்காரர் ஏமாந்தால் அது கவனக்குறைவு. புலி மறைந்திருந்தது என்று சொல்ல முடியாது.

இப்போது ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். ஆட்டுக்காரரைத் திண்ணையிலிருந்து இறக்கி, ஒரே ஓர் ஆடாக்கி, கோட்டின்மேல் நிறுத்துவோம். கோடுகளின் இருபுறமும் சுவர் எழுப்புவோம். அவருக்குத் தெரிவது தான் நிற்கும் கோடும், அது போய்ச் சேரும் அடுத்த புள்ளியும் மட்டுமே. விதி எதையும் மாற்றவில்லை, புலியின் பலத்தையும் கூட்டவில்லை. ஆனால் யோசித்து ஆடும் ஆட்டம் போய், உயிர் பிழைக்கும் ஓட்டம் வந்துவிடுகிறது. எவன்ஸ் ஆடுபுலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. கட்டத்தில் ஒரு துரத்துபவன், ஒரு தப்பிப்பவன் என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே குடும்பம்.

2.2 சுற்றுக்கோட்டை

கற்களை வரிசையாகப் பதித்து அமைத்த சுருள்வழிகள் தமிழ்நாட்டில் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் கெடிமேட்டில் இருப்பது பலரும் அறிந்தது. 'ஏழு சுற்றுக் கோட்டை' என்று வழங்கும் இந்த வடிவங்களைப் புதிர்ப்பாதை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் கிளைவழியே கிடையாது. ஒரே வழி வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும். திரும்பினால் அதே வழி வெளியே கொண்டுவந்து விடும். நடப்பவருக்குக் கால் வலிக்கலாம், வழி தப்பாது.

ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயிலில் சக்கரவியூகத்தை இப்படிப்பட்ட சுருளாகவே செதுக்கியிருக்கிறார்கள். சிற்பிக்கு அது அழகான வடிவம். ஆனால் உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்யுவின் கதைக்கு அந்த வடிவம் பொருந்தாது. ஒற்றை வழிச் சுருளில் வெளியேறுவதற்குத் தனி வித்தை எதற்கு? கதை கேட்பது கிளைகளை, அதுவும் நுழைந்தபின் இடம் மாறும் கிளைகளை. கல்லில் அதைக் காட்ட முடியாது. ஓடும் கணினியில் காட்டலாம்.

3. விளையாட்டின் வரலாறு

3.1 1973

இந்த வகையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது 'மேஸ் வார்'. 1973-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீவ் காலி, ஹோவர்ட் பாமர், கிரெக் தாம்சன் என்ற இளைஞர்கள் இம்லாக் என்ற கோட்டுருவக் கணினியில் அதை உருவாக்கினார்கள். முதலில் அது வெறும் சந்துகளில் உலாவிப் பார்க்கும் நிரல்தான். சும்மா நடந்துகொண்டே இருப்பது சலித்துப்போகவே, இன்னொரு கணினியை இணைத்து ஒருவரை ஒருவர் சுடும்படி மாற்றினார்கள். பின்னர் ஸெராக்ஸ் ஆல்டோ கணினிக்கு வந்த வடிவில் எதிராளியை ஒரு பெரிய கண்விழியாக வரைந்தார்கள். உடம்பு இல்லை, முகம் இல்லை, கண் மட்டும். தன்பார்வை விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உருவத்தை அதற்குப்பின் வந்தவர்களும் கண்டுபிடிக்கவில்லை என்பேன்.

3.2 இசட்எக்ஸ்81

எவன்ஸ் தம் விளையாட்டை எழுதியது இசட்எக்ஸ்81 என்ற கணினிக்காக. கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1981 மார்ச்சில் விற்பனைக்கு விட்டது. கட்டி முடித்ததாக வாங்கினால் 69.95 பவுண்டு. உள்ளே 1 கிலோபைட் நினைவகம். நிறம் இல்லை, ஒலியும் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிதான் திரை. அந்தத் திரையில் அகலவாக்கில் 64, உயரவாக்கில் 48 சதுரக் கட்டிகள் என்ற அளவில்தான் படம் வரையலாம். கேசட்டிலிருந்து நிரல் ஏறச் சில நிமிடங்கள் ஆகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தொலைக்காட்சிப் படத்தை வரைவதும் அதே இசட்80 செயலிதான். படம் தொடர்ந்து தெரியவேண்டுமானால் செயலியின் நேரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அதற்கே போய்விடும். மிச்சக் கால் பங்கில் சுவரைக் கணக்கிட வேண்டும், ரெக்ஸை நகர்த்த வேண்டும், விசை அழுத்தியதைக் கவனிக்க வேண்டும். 1 கிலோபைட்டில் இது ஆகாது. பின்புறம் செருகும் 16 கிலோபைட் நினைவகப் பெட்டி கட்டாயம். அந்தப் பெட்டி செருகியில் உறுதியாக உட்காராது. மேசை கொஞ்சம் அசைந்தால் கணினி நின்று எல்லாம் அழிந்துவிடும். பின்னால் ரெக்ஸ் துரத்தும்போது விசையை ஓங்கிக் குத்தவும் கூடாது, கை நடுங்கவும் கூடாது என்பது இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த கூடுதல் விதி.

இத்தனை ஏழ்மையில் ஆழம் காட்டியது எப்படி? ஆடுபவர் நிற்பது எப்போதும் ஒரு கட்டத்தின் நடுவில். பார்ப்பது நான்கு திசைகளில் ஒன்றை. அதனால் கோணக் கணிதம் வேண்டியதில்லை. முன்னே உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்விகள் போதும்: இடப்பக்கம் திறப்பா, வலப்பக்கம் திறப்பா, நேரே அடைப்பா? விடைக்கேற்ப, தூரம் கூடக்கூடச் சிறுத்துப்போகும் சட்டங்களாகக் கறுப்பையும் சாம்பலையும் அடுக்கினால் சந்து பிறந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய பாதையைப் பொறியே குலுக்கிப் போடும். அது முடிய அரை நிமிடம் போல ஆகும்; அதுவரை காத்திருக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு ஓடும். ஆட்டத்துக்கு முன்னுரையாக, சர்க்கஸ் கொட்டகை வாசலில் நின்று கூவுகிறவன் போல ஒருவன் பயந்தாங்கொள்ளிகளை எச்சரிப்பான்.

எவன்ஸின் உண்மையான சாமர்த்தியம் படத்தில் இல்லை என்பது என் கணிப்பு. திரையின் அடியில் வரும் ஒற்றை வரியில் இருக்கிறது. ரெக்ஸ் படுத்துக் காத்திருக்கிறதா, தேட ஆரம்பித்துவிட்டதா, காலடி கிட்டத்தில் கேட்கிறதா, கண்டுகொண்டதா, பக்கத்திலேயே வந்துவிட்டதா, பின்னாலேயே நிற்கிறதா என்று அந்த வரி மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் என்று சொல்லும். எந்தத் திசை என்று பெரும்பாலும் சொல்லாது. ஊமைப் பொறிக்கு எழுத்தால் ஒரு காது வைத்தார் எவன்ஸ். சுவர் கண்ணை மறைத்தபின் எஞ்சும் புலன் காது. அந்தக் காதும் பாதிச் செய்திதான் தரும் என்பதை ஒலியே இல்லாத பொறியில் எழுதிக் காட்டியது சாதாரண வேலை இல்லை.

திரும்புவதற்கும் ஒரு விலை உண்டு. ஆடுபுலியில் பின்னால் பார்க்கச் செலவு இல்லை; கண்ணை நகர்த்தினால் போதும். இங்கே பின்னால் பார்க்க இரண்டு தடவை திரும்ப வேண்டும். அத்தனை நேரமும் கால் நின்றுவிடும். பார்க்கவா, ஓடவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வதே இந்த விளையாட்டின் நடுநரம்பு. மதிப்பெண் விதியும் அதற்கு ஒத்துப்போகிறது. ரெக்ஸ் தேடிக்கொண்டிருக்கும்போது எடுத்து வைக்கும் அடிக்குத்தான் மதிப்பெண். வாசலை அடைந்தால் கூடுதலாக. பாதுகாப்பாக நடந்தால் ஒன்றும் கிடைக்காது.

3.3 வுல்ஃபென்ஸ்டைன்

1992 மே மாதம் வந்த 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' கோட்டைச் சிறையிலிருந்து தப்பும் கதை. ஜான் கார்மாக் எழுதிய வரைமுறையில் திரையின் ஒவ்வொரு நெடுக்கு வரிக்கும் கண்ணிலிருந்து ஒரு கதிர் கிளம்பும். அது சுவரில் முட்டும் தூரத்தை அளந்து, தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் சுவரின் உயரம் வரையப்படும். ஐம்பதடியில் நிற்கும் பனை நூறடிக்குப் போனால் பாதி உயரமாகத் தெரியும் என்ற கணக்குதான் அது. ஒவ்வொரு தளமும் 64-க்கு 64 கட்டம். நாற்புறம் மட்டும் திரும்பும் நிலை போய் எந்தக் கோணத்திலும் திரும்ப முடிந்தது. ஆனால் கையில் துப்பாக்கி வந்துவிட்டது. ஆடு புலியாகிவிட்டபின் நம் ஆய்வுக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

3.4 அருப்புக்கோட்டைக்கு வந்த சந்து

இசட்எக்ஸ்81 நம் வட்டாரத்துப் பிள்ளைகள் கைக்கு வந்த பொறி அன்று. 1984-இல் தொடங்கிய மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அதுவும் எண்ணக்கூடிய பள்ளிகளுக்கே. இங்குள்ள பெரும்பாலோர் முதன்முதலாகக் கண்ட தன்பார்வைப் புதிர்ப்பாதை விண்டோஸ் 95, 98 கணினிகளில் இருந்த '3டி மேஸ்' என்ற ஸ்கிரீன் சேவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் தட்டச்சுப் பயிலகங்கள் கம்ப்யூட்டர் சென்டர் என்று பலகை மாற்றிக்கொண்டிருந்த காலம். ஆசிரியர் டீ குடிக்கப் போனால் திரையில் செங்கல் சுவர் முளைக்கும். சந்து சந்தாகப் போகும். ஓர் எலி குறுக்கே வரும். மிதக்கும் சாம்பல் நிறக் கல்லைத் தொட்டதும் தரை மேலே போய், கூரை கீழே வரும். சிரிக்கும் முகத்தைக் கண்டால் ஆட்டம் முடிந்து புதுப்பாதை தொடங்கும். விளையாட்டு என்று நம்பி ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் மறைந்து, பாதியில் விட்ட கடிதம் வந்து நிற்கும். தொடாமல் இருந்தால்தான் ஆட்டம்! நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு, "லெஃப்ட்டுல போ, லெஃப்ட்டுல போ" என்று திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்போம். அது கேட்காது, ஒரு பக்கச் சுவரை ஒட்டியே போகும். துரத்த ஆளில்லாததால் அச்சமில்லை. ஆனால் சுவரை விடாமல் போனால் வாசல் வரும் என்ற பாடத்தை அந்த எலிச்சந்துதான் எங்களுக்கு நடத்தியது.

4. களம்: கரிசலில் ஒரு புதிர்ப்பாதை

4.1 காடு வளர்ந்த விதம்

சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. விறகுப் பஞ்சத்துக்கு ஆகும் என்று 1950, 60களில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி வழியாகப் போனால், விதைப்பு நின்ற புஞ்சைகளிலும் கண்மாய் உள்வாயிலும் குண்டாற்றுப் படுகையிலும் அதுதான் நிற்கிறது. பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் விளைந்த நிலத்தில் மழை பொய்த்து, கூலி கட்டாமல், ஆள் வெளியூர் போனபின் இரண்டு மூன்று ஆண்டுகள் போதும். ஆள் உயரத்துக்கு முள் அடைத்துவிடும்.

விதைத்தது யார் என்று பார்த்தால் ஆடுதான். இலையை அவ்வளவாகத் தொடாத ஆடு, மஞ்சள் நெற்றை விரும்பித் தின்னும். கடினத் தோல் கொண்ட விதை குடலைக் கடந்து புழுக்கையோடு விழுந்து முளைக்கும். ஆடு நடந்த வழியெல்லாம் மரம். மரத்துக்கு நடுவே ஆடு மறுபடி மிதித்து உண்டாக்கிய ஒற்றையடிப்பாதை. தான் சிக்கப்போகும் சந்தைத் தானே குலுக்கிப் போட்டு வளர்த்திருக்கிறது. எவன்ஸின் பொறிக்கு அரை நிமிடம் ஆன வேலை இங்கே நாற்பது ஆண்டுகள் ஆனது. மற்றபடி முறை ஒன்றுதான்: திட்டம் போட்டவர் யாருமில்லை.

பாதை நிலையாக இருப்பதும் இல்லை. கரிமூட்டம் போடுகிறவர்கள் ஒரு பக்கம் வெட்டுவார்கள்; வெட்டிய தூர் அடுத்த மழைக்குத் துளிர்த்துப் பல கிளையாகப் படரும். 2017-இல் இந்த மரத்தை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாவட்டம் முழுக்க ஜேசிபி இறங்கியது. சில மாதங்களில் அந்தப் பணி நிறுத்திவைக்கப்பட்டது. இடையில் திறந்த வழிகள் பல மீண்டும் மூடிக்கொண்டன. போன ஆண்டு தெரிந்த வழி இந்த ஆண்டுக்குச் செல்லாது.

4.2 காது

முட்காட்டில் ஆடு தேடுகிறவர் கண்ணை நம்பிப் போவதில்லை. ஆட்டின் கழுத்தில் மணி கட்டுவது இதற்குத்தான். மணி சீராகக் கேட்டால் மேய்கிறது. நின்றுவிட்டால் படுத்திருக்கிறது, அல்லது முள்ளில் மாட்டி நிற்கிறது. விட்டுவிட்டுப் படபடவென்று வந்தால் நாய் விழுந்திருக்கிறது. இந்த மூன்று நிலைகளையும் எவன்ஸின் அடிவரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இரண்டுமே இடத்தைச் சொல்வதில்லை. என்ன நடக்கிறது, எவ்வளவு கிட்டத்தில் என்பதை மட்டும் சொல்கின்றன. சரியான திசையை நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். வேற்றுமை ஒன்று உண்டு. மணி இருப்பது இரையின் கழுத்தில். விளையாட்டில் மணி கட்டியது புலிக்கு.

குனிந்து பார்ப்பது இன்னொரு உபாயம். நின்ற உயரத்தில் இலையும் கிளையும் அடைத்திருக்கும் இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் தூர்களுக்கு நடுவே ஆட்டின் கால்கள் தெரியும். கண்ணின் உயரத்தை மாற்றினால் அதே காடு வேறு காடு. கருதுகோளுக்கு இதைவிட நேரான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

4.3 கரையைப் பிடித்துப் போதல்

கண்மாய் உள்வாயில் வழி தப்பியவர் செய்வது, ஏதாவது ஒரு பக்கமாகப் போய்க் கரையைத் தொட்டு, அதை விடாமல் நடப்பது. மடை வரும் அல்லது கலுங்கு வரும். அங்கிருந்து ஊர்ப்பாதை தெரியும். புதிர்ப்பாதைக் கணிதத்தில் 'சுவர் தொடர் விதி' என்பது இதுவே. ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நடந்தால் வாசல் வரும், சுவர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தால். நடுவில் தனித்து நிற்கும் திட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதையே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். மரத்தூரைக் கரை என்று நம்பிச் சுற்றினால் நேர்வதும் அதுவே. கண்மாய்க் கரை பிறைபோல வளைந்து இரு முனையிலும் மேட்டில் முடியும், வளையமாக மூடுவதில்லை. ஆகவே அந்த ஆபத்து அதில் இல்லை. கரையின்மேல் ஏறிவிட்டால் கூடுதல் லாபம் உண்டு. ஏழெட்டு அடி உயரம் கிடைத்ததும் கோபுரமோ பனங்கூட்டமோ கண்ணில் படும். ஆட்டின் கண் அங்கே ஆட்டுக்காரரின் கண்ணாகிவிடுகிறது.

ரெக்ஸ் துரத்தும்போது இந்த விதியைக் கடைப்பிடிப்பது கடினம். சுவரை ஒட்டிப் போனால் ஒவ்வொரு முட்டுச்சந்துக்குள்ளும் நுழைந்து திரும்ப வேண்டும். தப்பிக்க வழி காட்டும் விதியும் பிடிபடாமல் இருக்கும் விதியும் அங்கே ஒன்றையொன்று மறிக்கின்றன.

4.4 முள்ளடைத்தல்

19ஆம் நூற்றாண்டில் ட்ரெமோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு முறை வகுத்தார். போன வழியில் அடையாளம் இட்டுக்கொண்டே போ. இரண்டு அடையாளம் விழுந்த வழியில் மறுபடி போகாதே. அடையாளம் இட்டுப் போனால் எந்தப் புதிர்ப்பாதையிலும் இந்த முறை தோற்காது. ஆனால் 'மான்ஸ்டர் மேஸ்' ஆடுபவருக்குச் சுவரில் கீறக் கரித்துண்டு கிடையாது. நினைவில்தான் குறிக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக் கட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் விசையிலிருந்து கையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ரெக்ஸுக்கு லாபம்.

கரிசலில் அடையாளம் முள்தான். போகக்கூடாத சந்தின் வாயில் ஒரு முட்கிளையை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவார்கள். அது ஆட்டையும் தடுக்கும், ஆளுக்கும் செய்தி சொல்லும். எந்த மரத்தால் வழி கெட்டதோ அதன் கிளையாலேயே வழியை எழுதுகிறார்கள்.

5. பொருந்தாத இடங்கள்

ஒப்பீடு எல்லா இடத்திலும் செல்லாது. விளையாட்டின் சுவர் முழுதாக மறைக்கும். முட்காடு பாதி மறைக்கும், பாதி காட்டும். இலை அடர்த்தி குறைந்த இடத்தில் சந்துக்கு அப்பால் இன்னொரு சந்து தெரியும், போகத்தான் முடியாது. காலில் ஏறும் முள்ளுக்கு எவன்ஸிடம் கணக்கே இல்லை. திசை தப்பினாலும் மேற்கே மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையின் இரைச்சல் இரவில் கேட்கும். பகலில் நிழல் விழும் பக்கம் தெரியும். ரெக்ஸின் சந்துக்குள் சூரியன் இல்லை.

கைப்பேசியின் செயற்கைக்கோள் படம் வந்தபின் புதிர்ப்பாதை ஒழிந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. மேலிருந்து பார்க்கும் கண் எல்லோருக்கும் கிடைத்துவிட்டதாம். திருச்சுழிக்குக் கிழக்கே அந்தப் படத்தைத் திறந்தால் தெரிவது பச்சைத் திட்டு மட்டுமே. ஒற்றையடிப்பாதை கிளைக்கு அடியில் ஓடுகிறது. நீலப் புள்ளி நீங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டும். அங்கிருந்து எந்தப் பக்கம் நுழையலாம் என்பதைக் காட்டாது. மான்ஸ்டர் மேஸ் தூரத்தைச் சொல்லி இடத்தை மறைத்தது, இந்தப் படம் இடத்தைச் சொல்லி வழியை மறைக்கிறது.

நம் வட்டாரத்துப் பிள்ளை ஒருவர் இந்தக் காட்டை விளையாட்டாக எழுத முன்வந்தால் முதலில் மாற்றவேண்டியது சதுரக் கட்டத்தை. அடுத்து, குனியும் விசை ஒன்று வேண்டும். மூன்றாவதாக, அடிவரியை எடுத்துவிட்டு இரு காதுக்கும் தனித்தனியாக மணியோசை வைக்க வேண்டும். இன்றைய கைப்பேசிக்கு அது பெரிய வேலை இல்லை. துரத்துவதற்கு டைனோசர் தேவைப்படாது, இரண்டு தெருநாய் போதும்.